எச்.ஐ.வி. மாத்திரையைப் பெரியவர்களே ஏன் இடையில் விட்டுவிடுகிறார்கள்?

மறதிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மறதி முக்கியக் காரணம்தான், ஆனால் அது மட்டுமல்ல; யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயமும் ஒரு தடை. வீட்டில் சொல்லாதவர் லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரைகளை வேறு டப்பாவில் போட்டு வைப்பார். விருந்தாளி வந்து தங்கினால் அன்றைய வேளை போச்சு. நெருங்கிய ஒருவரிடமாவது சொல்லிவிட்டால் தொடர்வது எளிது.

அப்புறம் மனச்சோர்வு, குடி, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு. எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து தந்த தலைச்சுற்றலும் கெட்ட கனவுகளும் சிலரை விரட்டின. டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து சேர்ந்த கலவையில் பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை, தொந்தரவும் குறைவு.

'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நிறுத்துபவர்களும் உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ, மருந்துக்கு மசியாத வைரஸ் உருவாகலாம்.