கிரீஸின் பிண்டஸ் மலைத்தொடரின் நிலவமைப்பு எப்படி இருக்கும்?

கிரீஸ் மலை என்றாலே எல்லோரும் ஒலிம்பஸைத்தான் சொல்கிறார்கள், பிண்டஸில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கிரீஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அல்பேனிய எல்லையில் தொடங்கித் தெற்கே நாட்டின் நடுப்பகுதி வரை முதுகெலும்பு போல இறங்கும் தொடர் இது. அயோனியன் கடலிலிருந்து வரும் மேகங்களை மேற்குச் சரிவு தடுத்துக்கொள்கிறது. அதனால் எபிரஸ் பக்கம் நல்ல மழை, கிழக்கே தெஸ்ஸாலி சமவெளி மழை மறைவில். மெட்சோவோ ஊரைச் சுற்றிய மலைகளில் பிறக்கும் ஆறுகளும் ஆளுக்கொரு திசையில் போகின்றன. பினியோஸ் கிழக்கே ஏஜியன் கடலுக்கு, அகெலோஸ் தெற்கே அயோனியன் கடலுக்கு, ஆவோஸ் வடமேற்கே அல்பேனியா வழியாக அட்ரியாட்டிக் கடலுக்கு.

நான் நடந்தது வடக்குப் பிண்டஸில். அங்கே ஆவோஸ் ஆற்றின் இரு பக்கமும் இரண்டு மலைகள் எதிரெதிரே நிற்கின்றன. டிம்ஃபி (2,497 மீட்டர்) வெளுத்த சுண்ணாம்புக் கல். ஸ்மோலிகாஸ் (2,637 மீட்டர்) பிண்டஸிலேயே உயரம், கிரீஸில் ஒலிம்பஸுக்கு அடுத்தது. அதன் பாறையோ கரும்பச்சை, ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்து, நிலத்தட்டுகள் மோதியபோது மேலே தள்ளப்பட்டது. இந்த இரண்டு கல்லின் வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சுண்ணாம்புக் கல் தண்ணீரைக் குடித்துவிடும். டிம்ஃபியின் மேல் பெய்யும் மழையும் உருகும் பனியும் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகின்றன. அந்த மலையை அறுத்துக்கொண்டு போகும் விகோஸ் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் ஆழம் 900 மீட்டர், இரு விளிம்புக்கும் இடையே 1,100 மீட்டர்தான். அகலத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் பதிவு உண்டு. கோடையில் அதன் அடியில் மணிக்கணக்காக உருண்டைக் கற்கள் மேல்தான் நடந்தேன், ஒரு சொட்டு ஓட்டம் இல்லை. விகோஸ் கிராமத்துக்குக் கீழே வந்ததும் பாறையடியிலிருந்து வொய்தோமாத்திஸ் ஆறு கண்ணாடி போலப் பொங்கி வருகிறது! மேலே காணாமல் போன தண்ணீர்தான் அது. காலை வைத்தால் விறைத்துவிடும்.

ஸ்மோலிகாஸ் வேறு மாதிரி. அந்தப் பாறை தண்ணீரை அவ்வளவாக உள்ளே விடாது, அதனால் சரிவெங்கும் சிற்றோடைகள். மண்ணில் நிக்கல் போன்ற உலோகம் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதைத் தாங்கும் செடிகள் மட்டுமே பிழைக்கும், அவற்றில் சில வேறெங்கும் இல்லாதவை. உயரத்தில் போஸ்னிய பைன் மரங்கள். பிண்டஸில் நிற்கும் அந்த இனத்து மரம் ஒன்றுக்கு 1,075 வயதுக்கு மேல் என்று 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடோனிஸ் என்று பெயரும் வைத்தார்கள்.

கரடி, ஓநாய், ஷாமுவா என்னும் காட்டாடு எல்லாம் இந்த மலைகளில் உண்டு. நான் தூரத்தில் பார்த்தது காட்டாட்டை மட்டும்.

இரண்டு மலையிலும் உச்சிக்கு அருகே ஒவ்வொரு ஏரி. இரண்டுக்குமே த்ராகோலிம்னி, அதாவது டிராகன் ஏரி என்று பெயர். இரண்டிலும் இருந்த டிராகன்கள் ஒன்றன்மேல் ஒன்று பாறைகளையும் மரங்களையும் வீசிச் சண்டை போட்டன என்பது ஊர்க்கதை. டிம்ஃபி ஏரி சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. மிக்ரோ பாபிங்கோ கிராமத்திலிருந்து கிளம்பி, அஸ்த்ராகா மலைவிடுதியில் இரவு தங்கி, காலையில் ஏறினேன். ஏரிக்குள் டிராகன் இருந்தது, விரல் நீளத்தில். பல்லி போன்ற உடல், ஆரஞ்சு வயிறு. ஆல்பைன் நியூட் என்னும் நீர்நில வாழ்வி. கரையில் குந்தி அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போவதாக இருந்தால் ஜூன் கடைசிக்கு அப்புறம் போங்கள், அதற்கு முன் மேலே பனி கிடக்கலாம். வழியில் ஊற்றுக்குழாய் கண்ட இடத்திலெல்லாம் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஏரியில் மட்டும் தயவுசெய்து இறங்கிக் குளிக்காதீர்கள். அந்தச் சின்ன உயிர்களுக்கு அங்கே அதுதான் வீடு.