உப்பு பூக்கும் சுவரில் பிள்ளைகளின் ஓவியம்

கேள்வி: பிலடெல்பியா பள்ளியில் நடக்கும் ‘அபாட் எலிமென்டரி’ நகைச்சுவைத் தொடரில் சுவரோவியத் திட்டத்தைப் பார்த்தோம். காசிமேட்டில் எங்கள் பள்ளிச் சுவரிலும் (20 அடி நீளம், 8 அடி உயரம்) பிள்ளைகளை வரையவைக்க ஆசை. தீபாவளிக்குள் முடியுமா? அங்கே துணியில் வரைந்து ஒட்டுகிறார்களாமே? – ஓர் ஆசிரியை

பதில்: தீபாவளி வேண்டாம், பொங்கல் கழித்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் குடித்த தண்ணீர் காய வேண்டும். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பிரியுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள்.

பிலடெல்பியாவில் 1984 முதலே சுவரோவியத் திட்டம் நடக்கிறது. மெல்லிய துணியில் பகுதி பகுதியாக வரைந்து அக்ரிலிக் ஜெல் என்ற பசையால் ஒட்டுவது அங்கே வழக்கம். கடலோரச் சுவரில் உப்பு அந்தத் துணியைத் தள்ளிவிடும். நேராகச் சுவரிலேயே வரையுங்கள்.

சுவரில் வெள்ளைப் பொடியாகப் பூத்த உப்பைக் கழுவாதீர்கள். கரைந்து உள்ளே இறங்கி, பிறகு பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டுங்கள். கையில் ஒட்டும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியே ஆகவேண்டும். அடியில் பழைய ஈய பெயின்ட் இருக்கலாம், அதனால் இது மாஸ்க் போட்ட பெரியவர்கள் வேலை. வீட்டில் மிஞ்சிய எனாமல் டப்பாக்களைப் பெற்றோர் அன்போடு கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது, பழைய டப்பாவில் அதற்கு மேலும் இருக்கலாம். தவிர, ஈரச் சுவரில் எனாமல் தோலாக உரியும்.

வெளிச்சுவருக்கான எக்ஸ்டீரியர் பிரைமர் (அடிப்பூச்சு) 2 லிட்டர், வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயின்ட் 4 லிட்டர் போதும். இரண்டு கோட் அடித்து மிஞ்சும் வெள்ளையில் ஸ்டெயினர் (நிறச் சாயம்) கலந்தால் வெளிர் நிறங்கள் கிடைக்கும். அடர் நீலம், சிவப்புக்கு ஸ்டெயினரைக் கொட்டினால் காயாது, மழையில் வழியும். அவற்றைக் கடை மெஷினில் கலந்து லிட்டர் லிட்டராக வாங்குங்கள்.

கீழே 2 அடி ஓவியம் வேண்டாம். ஈரம் முதலில் ஏறும் இடம் அது. ஒரே நீலமாக, கடலாக விட்டால் வருடா வருடம் அதை மட்டும் திரும்ப அடிக்கலாம்.

மீதி 20க்கு 6 அடி. சார்ட்டில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி என்று நூல் அடித்துக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அதன் நிறத்துக்கான எண்ணைச் சாக்பீஸால் எழுதி, அதே எண்ணை அந்த நிறப் பெயின்ட் ஊற்றிய பேப்பர் கப்பிலும் எழுதுங்கள். படகின் விளிம்பில் 3 என்றிருந்தால், ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் 3ஆம் கப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடும். கப்பில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு நேரத்தில் 10 பேர், ஆளுக்கு 2 அடி. காலை பத்து மணிக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் பிரஷ்ஷிலேயே பெயின்ட் இறுகும். கறுப்புக் கோடுகள் கடைசி நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையால்.