பழைய டிரெய்லர் லாரியில் காற்று வைப்பரை எடுத்துவிட்டு மின்சார வைப்பர் போடலாமா?

போடலாம். காற்று வைப்பர் என்பது லாரியின் காற்றுத் தொட்டியிலிருந்து, அதாவது பிரேக்குக்கும் உதவும் அதே அழுத்தக் காற்றிலிருந்து, கொஞ்சம் எடுத்து ஓடுவது. உள்ளே சின்ன பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வர, பிளேடைத் தாங்கும் வைப்பர் கை ஆடும். மேல்தொட்டியில் தண்ணீர் குறையக் குறையக் குழாயில் வேகம் தளர்வது போல, காற்றழுத்தம் இறங்கினால் இதுவும் தளரும். கண்ணாடி அரைகுறையாகக் காய்ந்திருந்தால் திணறும், நன்றாக நனைந்ததும் படபடவென அடிக்கும். சீல் தேய்ந்தால் கேபினுக்குள் ‘புஸ்’ சத்தம் வேறு.

மின் மோட்டார் ஓரளவு சீரான வேகத்தில் சுற்றும். மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் சின்ன இணைப்பான கிராங்க் அந்தச் சுழற்சியை ஆட்டமாக மாற்றும். வாங்குமுன் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, வைப்பர் கை மாட்டும் தண்டின் தடிமன், கை ஆடும் கோணம் மூன்றையும் பாருங்கள். கோணம் கூடினால் பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் இடிக்கும். ஃபியூஸ் கட்டாயம். பழைய காற்றுக்குழாயைத் தொட்டிப் பக்கமே சரியான அடைப்பான் போட்டு மூடுங்கள். நடுவில் மடித்துக் கட்டுவது வேண்டாம், அது பிரேக் விஷயம்.

அப்புறம், டாஷ்போர்டில் உள்ள பழைய திருகியையே சுவிட்சாக வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் காற்று வால்வு, மின்சாரத்துக்குப் புது சுவிட்ச்தான் வேண்டும்.