ராத்திரி உங்க வீட்டுல எத்தனை தட்டு?

(அங்கன்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்த டீச்சரம்மா பதில் சொல்கிறார்)

கேள்வி: நான் எல்.கே.ஜி. ஆசிரியை. இந்த மாதம் ‘என் குடும்பம்’ பாடம். பிள்ளைகள் குடும்பப் போட்டோ கொண்டுவந்து, சார்ட்டில் மரம் வரைந்து ஒட்ட வேண்டுமாம். என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா போன வருடம் தவறிவிட்டார். இன்னொரு குழந்தையை அம்மாயிதான் (அம்மாவின் அம்மா) வளர்க்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: முதல்ல அந்த மரத்தை ஓரமா வையுங்க அம்மிணி. நாலு வயசுப் பிள்ளைக்கு மரமும் தெரியும், அப்பாரையும் (அப்பாவோட அப்பா) தெரியும். அப்பாரு எதுக்கு மரத்துல தொங்கறாருன்னுதான் தெரியாது. எப்படியும் அந்த சார்ட்டைச் செய்யப்போறது அம்மாதான், ராத்திரி பத்து மணிக்கு.

நானும் இந்தத் தப்பைப் பண்ணினவதான். வேலைக்குச் சேர்ந்த புதுசு. அப்பா, அம்மா, பிள்ளைன்னு மூணு பேர் படத்தைக் கார்பன் வச்சு எடுத்து, எல்லாருக்கும் கொடுத்துக் கலர் அடிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை அப்பா படத்தை மட்டும் கறுப்பு கிரேயானால தேய்ச்சுத் தேய்ச்சுத் தாளையே கிழிச்சுட்டான். திட்டிட்டேன். அவங்கப்பா வீட்டை விட்டுப் போயி ரெண்டு மாசம்னு சாயங்காலம் எங்க மையத்து ஆயாதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் ‘வீட்டுல யார் யாரு’ன்னு கேக்கறதையே விட்டுட்டேன். “ராத்திரி உங்க வீட்டுல எத்தனை தட்டு?” இதுதான் கேள்வி. மையத்துக்குப் பின்னால ஒரு பூவரச மரம். பிள்ளைக்கு ஒரு கை இலை கொடுப்பேன். தட்டுக்கு ஒண்ணா தரையில வச்சு, எது யாருக்குன்னு சொல்லணும். ஒரு பிடி மணல்தான் சோறு. (புளியங்கொட்டை வேண்டாம், மூக்குல போட்டுக்குவாங்க.) ஒருத்தி ஏழு இலை வச்சா. ஏழாவது ஆட்டுக்குட்டிக்காம்! எண்ணிக்கையும் ஆச்சு, வாயைத் திறக்காத பிள்ளை பேசினதும் ஆச்சு.

உங்க பையன் அப்பாவுக்கும் ஒரு இலை வச்சான்னா, “அப்பாதான் இல்லையே”ன்னு திருத்தாதீங்க. “அப்பாவுக்கு என்ன குழம்பு புடிக்கும்?”னு கேளுங்க. வைக்கலேன்னா ஒண்ணும் கேக்காதீங்க.

இன்னும் சின்னதுகளுக்குப் பருப்புக் கடையற விளையாட்டு. உள்ளங்கையில முழங்கையை வச்சுக் கடைஞ்சு, விரலை ஒவ்வொண்ணா மடக்கி ஆளுக்குக் கொஞ்சம் ஊட்டி, கடைசியில ‘நண்டூருது, நரியூருது’ன்னு அக்குள் வரைக்கும் போயி கிச்சுக்கிச்சு. யாருக்கு ஊட்டணும்னு பேரை நீங்க சொல்லாதீங்க, பிள்ளை சொல்லட்டும். பக்கத்து வீட்டு அக்கா பேரு வந்தாலும் சரிதான்.

சொப்புச் சாமானைக் கொட்டிட்டு நீங்க தள்ளி உக்காந்துக்குங்க. ஒரு பையன் அடுப்பை ஊதிக்கிட்டே “வேன் வந்துரும், வேன் வந்துரும்”னு கத்துவான். அவங்கம்மா விடியக்காலம் பனியன் கம்பெனி வேனுக்கு ஓடறவங்க. அந்த வீட்டைப் பத்தி எந்தப் போட்டோவும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

பள்ளியில சார்ட் கேட்டா, அந்த இலைகளையே காயவச்சு ஒட்டி, பிள்ளை சொன்ன பேரைக் கீழே எழுதிக் கொடுத்துருங்க. போட்டோ கேட்டு வீட்டுக்குச் சீட்டு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: என் மூன்று வயது மகள் எல்லோரையும் ஆன்ட்டி, அங்கிள் என்கிறாள். முறை வைத்துக் கூப்பிட எப்படிப் பழக்குவது?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்க தங்கச்சிகிட்ட போன் பேசும்போது “அத்தை பேசறாங்க”ன்னு சொல்லிக் கொடுக்கறீங்களா, இல்லை பேரைச் சொல்லியா? பேருதான்னா, பாப்பாவைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? உக்காத்தி வச்சு ஒப்பிக்க மட்டும் வைக்காதீங்க.

எங்க மையத்துல ஒரு ராவுத்தர் வீட்டுப் பையன், அப்பாவை ‘அத்தா’ம்பான். பக்கத்துல உக்காந்திருந்தவ வீட்டுல ‘ஆத்தா’ன்னா அப்பாவோட அம்மா. ஒரு நாள் அவன் “எங்க அத்தா மீசை வச்சிருக்காரே”ன்னு பெருமையா சொல்ல, இவ எந்திரிச்சு எங்கிட்ட ஓடி வந்தா: “டீச்சர், எங்க ஆத்தாவுக்கு ஏன் இன்னும் மொளைக்கல?”