நச்சுப் பூச்செடிகளை விதை போட்டு வளர்க்கலாமா? - நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் நல்ல வெயில் படும். அடீனியம், வெள்ளை ஊமத்தை, குன்றிமணி, கார்த்திகைப்பூ நான்கும் சேர்ந்த விதைப் பொதி ஒன்றை ஒன்லைனில் விற்கிறார்கள். இதுவரை விதை போட்டு எதையும் வளர்த்ததில்லை. வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது. எல்லாமே நச்சுச் செடி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தப் பொதியை வாங்காதீர்கள். ஆசை இருந்தால் அடீனியம் விதையை மட்டும் தனியாக வாங்குங்கள்.

நான்கும் நச்சுத்தான். ஆனால் விதையை முளைக்க வைக்க நாம் செய்யவேண்டிய வேலையும், அந்த விதை பிள்ளையின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் செடிக்குச் செடி வேறுபடும். குன்றிமணி சிவப்பும் கறுப்புமாகப் பாசிமணி போலவே இருக்கும். தட்டார் பொன் நிறுத்த அந்த மணிக்கு ஓடு மிகக் கடினம். நன்றாக முளைக்க அதைத் தேய்த்தோ கீறியோ விடவேண்டும். உள்ளிருக்கும் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சை இத்தனை நாளும் அடைத்துவைத்தது அந்த ஓடுதான். முதல் தடவை விதை போடுபவர் தொடக்கூடாத வேலை இது. ஊமத்தை விதை காய்ந்த மிளகாய் விதையைப் போலத் தட்டையாக இருக்கும். காய் வெடித்தால் பல்கனி முழுக்கச் சிதறும். கார்த்திகைப்பூ முளைக்கவே மாதக்கணக்காகும், பூக்கப் பெரும்பாலும் சில வருடங்கள். அதற்குள் மண்ணுக்குள் கிழங்கு விடும். வற்றாளங்கிழங்கென்று எடுத்து அவித்தாலும் அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு போகாது. பிள்ளை வளரும்வரை மூன்றையும் தள்ளி வையுங்கள்.

அடீனியம் விதை சிறு பழுப்புக் குச்சி போல இருக்கும், தேய்க்க வேண்டியதில்லை. இதற்காக அதைச் சாதுவான செடி என்று எண்ணிவிடாதீர்கள். அது அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பால், இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு உண்டு.

வாங்கும்போது விதை பறித்த திகதியைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்டதென்றால் நல்லது. பழையதாக ஆக முளைதிறன் குறையும். கையுறையோடு மெதுவாக அழுத்திப் பாருங்கள், நசுங்கினால் அது வெறும் சக்கை. பத்து விதை வாங்கிப் பத்தையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். மீதி இல்லாவிட்டால் ஒளித்துவைக்கும் கவலையும் இல்லை. முளைக்க வைக்கும் சூட்டுப் பாய் என்று ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். கொழும்பின் 27 முதல் 31 பாகை செல்சியஸ் வெப்பமே இதற்குப் போதும். அந்தக் காசை நைட்ரைல் கையுறைக்குச் செலவழியுங்கள். சாப்பாட்டுக் கடைகளில் தரும் மெல்லிய பொலித்தீன் கையுறை கிழிந்துவிடும்.

விதை போடும் கலவைக்கு நன்றாகக் கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, கழுவிய பெருமணல் இரண்டு பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். கலவையின்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் பங்கசுத் தொல்லை குறையும். நாற்றுப் போட யோகட் கோப்பை வேண்டாம். அது பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். அடியில் துளையுள்ள கறுப்பு நாற்றுச் சாடிதான் சரி. விதையைக் கிடையாக வைத்து அரைச் சென்ரிமீற்றர் மணலால் மூடுங்கள். மேலே கண்ணாடிபோன்ற பொலித்தீன் போடலாம், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் ஏழு நாளில் தலை தூக்கும். இரண்டு கிழமை கடந்தும் அசையாத விதை பெரும்பாலும் வராது.

புதியவர்கள் தோற்பது முளைத்த பிறகுதான். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் பழுப்பாகிச் சரிந்து கிடக்கும். இது நாற்றழுகல் நோய். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மண்ணிலுள்ள பங்கசு தண்டைத் தின்றுவிடும். முளை கண்டவுடன் பொலித்தீனை எடுத்துவிடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றாமல், சாடியைத் தட்டில் பத்து நிமிடம் நீரில் வைத்து எடுத்து வடியவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மே மாதத் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் அடைமழையும் இதற்கு எதிரி. ஜனவரி முதல் மார்ச் வரை விதை போடுங்கள். முளைக்கும்போது வரும் இரண்டு வித்திலைகளை விட்டு, உண்மையான இலை நான்கு முதல் ஆறு வந்ததும் தனிச்சாடிக்கு மாற்றலாம். பிறகு காலை வெயிலை இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வேலைக்கென்று ஒரு கரண்டியும் கத்தியும் தனியாக ஒதுக்கி, நிறம் பூசி அடையாளமிடுங்கள். அவை குசினிக்குள் போகவே கூடாது. சாடியைப் பிள்ளை கதிரை போட்டாலும் எட்டாத உயரத்தில் வைத்து, செடியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். அந்தப் பெயர் ஒருநாள் வைத்தியருக்குத் தேவைப்படலாம். வெட்டிய கிளையைக் கட்டி மூடிக் குப்பையில் போடுங்கள், எரிக்காதீர்கள், புகையும் நச்சு.

பால் தோலில் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை வாயில் போட்டுவிட்டால், உள்ளிருப்பதை எடுத்து வாயைக் கழுவி, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள் அல்லது வைத்தியசாலைக்குப் போங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை சுகமாக விளையாடுகிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். செடியின் ஒரு துண்டைப் பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் இலக்கத்தை விதை வாங்குவதற்கு முன்னரே தேடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: நீல அடீனியம் என்று படம் போட்ட விதையை வெளிநாட்டு இணையக்கடையில் வாங்கலாமா? உள்ளூரில் வாங்கிய விதையில் வேறு நிறம் பூத்தால் காசு திரும்பக் கேட்கலாமா?

பதில்: நீல அடீனியம் கிடையாது, படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். விதையில் வரும் அடீனியம் தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது. குறிப்பிட்ட நிறந்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றைப் பூவோடு பார்த்து வாங்குங்கள். பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் கன்று விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வெளிநாட்டு விதைக்கு 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் தபாலில் வரும் விதை பறிமுதலாகலாம்.

உள்ளூரில் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரப் படத்தையும் விற்பவர் எழுதிய வாக்குறுதியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நிறம் உறுதி என்று எழுதி விற்றிருந்தால் முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். பொதியில் நச்சு என்ற எச்சரிக்கையே இல்லாவிட்டால் அதையும் முறைப்பாட்டில் சொல்லுங்கள். எங்களுக்கு நிறத்தைவிட அதுதான் பெரிய குறை.