டீன்ஏஜ்ல பொண்ணுங்களுக்கு மட்டும் தன்னம்பிக்கை குறையுதா? பசங்க நிஜமாவே சந்தோஷமா இருக்காங்களா?

குறையறது உண்மை, ஆனா எல்லாரும் நினைக்கற அளவுக்கு பெரிய வித்தியாசம் இல்ல. 2016ல 48 நாட்டு டேட்டாவ வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஆண்களோட சுயமதிப்பு கொஞ்சம் கூட இருந்துச்சு, ஆனா டீன்ஏஜ் முடியற வயசுலேர்ந்து நடுத்தர வயசு வரைக்கும் ரெண்டு பேருக்குமே அது கூடிட்டுதான் போகுது. அதனால பதினாலு வயசுல ஒரு பொண்ணு சுருங்கி நிக்கறத பாத்துட்டு இவ சுபாவமே இதுதான்னு தயவுசெஞ்சு முடிவு கட்டாதீங்க.

எங்க அடி வாங்குதுன்னா முக்கியமா தோற்றத்துல. உடம்பு மாறற அதே நேரத்துலதான் பாக்கறவங்க எல்லாம் வெயிட் போட்டுட்ட, கறுத்துட்டன்னு ஆரம்பிக்கறாங்க, போதாததுக்கு கையில போன் வேற.

இன்னொன்னு தப்பாயிடுமோங்கற பயம். நான் கணக்கு டீச்சர், தினமும் பாக்கறேன். நோட்டுல விடை சரியா இருக்கும், ஆனா அந்தப் பொண்ணு கை தூக்க மாட்டா, நான் பக்கத்துல போய் நின்னா ரப்பர எடுத்து அந்த சரியான விடையவே அழிக்க ஆரம்பிச்சுடுவா. பக்கத்து பெஞ்சு பையன் தப்பான விடைய சத்தமா சொல்லிட்டு அடுத்த நிமிஷமே மறந்துட்டு அடுத்த கணக்குக்கு போயிடுவான். பல நாட்டு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடத்தற பிசா (PISA) தேர்வுல 2018ல 15 வயசு பிள்ளைங்ககிட்ட இதையே கேட்டாங்க, கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் தோத்துடுவோமோன்னு அதிகமா பயந்தது பொண்ணுங்கதான். எனக்கு இது ஆச்சரியமே இல்ல, சின்னதுலேர்ந்து நீட்டா எழுதுனதுக்கும் அமைதியா இருந்ததுக்கும்தான அவங்கள பாராட்டுறோம், முட்டி மோதிப் பாத்ததுக்கு யாரு பாராட்டுனா?

பசங்க விஷயம் வேற மாதிரி. பருவ வயசுக்கு அப்புறம் மனச்சோர்வு பொண்ணுங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருதுங்கறாங்க, சரிதான், ஆனா உலக அளவுல தற்கொலைல சாகறது ஆண்கள்தான் அதிகம். பொண்ணு அழுதா நாலு பேர் கேப்பாங்க, பையன் எரிஞ்சு விழுந்தா திமிருன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. திடீர்னு விளையாட போறத நிறுத்திட்டான், தூக்கம் கெட்டுப்போச்சு, எதுக்கெடுத்தாலும் கோவம்னா அத திமிருன்னு விட்டுடாதீங்க. எதிர்ல உக்கார வெச்சு விசாரணை மாதிரி கேட்டா வாயே திறக்க மாட்டான், கூட நடக்கும்போதோ வண்டில போகும்போதோ பேச்சு குடுத்து பாருங்க, ரெண்டு மூணு வாரம் ஆகியும் அப்படியே இருந்தா கவுன்சிலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டு போங்க.