விர்ஜில் வரிகளில் இயேசு கதை

கேள்வி: ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் கிரேக்க, ரோமானிய இலக்கியத்தை அடியோடு ஒதுக்கினார்களாமே?

பதில்: திட்டியவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் படித்தது அதே பள்ளிப்பாடம்தானே, எழுத உட்கார்ந்தால் அந்த வடிவங்கள்தான் கைக்கு வந்தன. பிளேட்டோவின் விருந்து உரையாடலில் ஆண்கள் கூடிக் காதலைப் புகழ்வார்கள். கிறிஸ்தவ எழுத்தாளர் மெத்தோடியஸ் அதே சட்டகத்தில் பத்துக் கன்னியரை உட்காரவைத்துக் கன்னிமையைப் புகழ வைத்தார். குறும்புதான்! 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பிரபுகுலப் பெண்மணி ப்ரோபா இன்னும் துணிச்சல்காரி. இயேசுவுக்கு முந்தைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் வரிகளையும் அரைவரிகளையும் வெட்டி ஒட்டியே, உலகப் படைப்பு முதல் இயேசுவின் விண்ணேற்றம் வரை ஏறக்குறைய 700 வரிகளில் பாடிவிட்டார். விர்ஜிலில் இயேசுவின் பெயர் ஏது? அதனால் பெயர் சொல்லாமலே சமாளிக்க வேண்டியிருந்தது. இப்படி ஒட்டுப்போடுவது சிறுபிள்ளைத்தனம் என்று கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் சீறினார். அவர் எழுத்திலும் விர்ஜிலும் ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் அடிக்கடி எட்டிப்பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.